ஹிட்லர கிண்டல் பண்ண சாப்ளின் படத்த 15 வயசு பசங்களுக்குப் போட்டுக் காட்டலாமா?

செந்தூல்_டீச்சர்:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல, கே.எல். (கோலாலம்பூர்) செந்தூல்ல இருக்கேன். எங்க ஃப்ளாட்டுக்குக் கீழ இருக்கற ஹால்ல சனிக்கிழமை காலையில பசங்களுக்குத் தமிழும் கொஞ்சம் சரித்திரமும் சொல்லிக் குடுக்கறேன், காசுக்கு இல்ல, எல்லாம் எங்க ப்ளாக் பசங்கதான், 12 பேரு வருவாங்க, ஃபார்ம் த்ரீயும் ஃபார்ம் ஃபோரும்.

போன மாசம் ஜப்பான்காரன் மலாயாவ புடிச்சு வச்சிருந்த காலத்தப் பத்திப் பேசிட்டு இருந்தோம், அப்படியே பேச்சு ஹிட்லர் பக்கம் போச்சு. ஒரு பையன் சொல்றான், "டீச்சர், ஹிட்லர் மாதிரி ஒரு ஆளு வந்தாதான் நாடு ஒழுங்கா இருக்கும், என்னா டிசிப்ளின் தெரியுமா"ன்னு. கூட நாலஞ்சு பேரு ஆமா ஆமான்னு தலையாட்டறாங்க. கெட்ட பையன் இல்ல அவன். நாற்காலி தூக்கிப் போடறதுல இருந்து சின்னப் புள்ளைங்கள ரோடு தாண்ட வைக்கறது வரைக்கும் அவன்தான். போன்ல வர்ற ஒரு நிமிஷ வீடியோவ பாத்துருக்கான், பெரிய மைதானம், எல்லாரும் ஒரே மாதிரி கைய தூக்கறாங்க, பின்னாடி மாஸ் மியூசிக். நம்மளும்தான், கண்டிப்பான வாத்தியார, வீட்டுல அதட்டற அப்பாவ "ஹிட்லர்"னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிடறோம், அதனால பசங்களுக்கு அந்தப் பேருன்னா ஒரு ஸ்ட்ரிக்ட்டான ஆளு, அவ்வளவுதான். அன்னிக்கு நான் 60 லட்சம் யூதர்கள்னு போர்டுல எழுதினேன். நோட்டுல எழுதிக்கிட்டாங்க, பரீட்சைக்கு எழுதிக்கற மாதிரி. ஒரு முகத்துலயும் ஒன்னும் மாறல. வீட்டுக்கு வந்து அதயே நினைச்சிட்டு ராத்திரி தூக்கமே வரல.

அப்பதான் ஹிட்லர கிண்டல் பண்ணி சாப்ளின் எடுத்த தி கிரேட் டிக்டேட்டர் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல எங்கப்பா வீடியோ டேப்புல போட்டுக் காட்டுவாரு, அவரு சிரிச்சா நாங்களும் சிரிப்போம். இப்ப ஹால்ல புரொஜெக்டர் வச்சுப் போடலாமான்னு யோசிக்கறேன். கருப்பு வெள்ளை, இங்கிலீஷ், ரெண்டு மணி நேரத்துக்கு மேல, பசங்க உக்காருவாங்களா தெரியல. இன்னொன்னு, ஒரு பையனோட அப்பா போன் பண்ணி "அத்தனை பேர கொன்னவன வச்சு என்னாங்க டீச்சர் சிரிப்பு"ன்னு கேட்டாரு. கோவமா கேக்கல, நெசமாவே கேட்டாரு. எனக்குப் பதில் வரல. பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

பழைய_டாக்கீஸ்:

டீச்சர், கண்டிப்பா போடுங்க. அந்த அப்பா கேட்டது சரியான கேள்வி, சாப்ளினே பின்னாடி அதத்தான் தன்னைத்தானே கேட்டுக்கிட்டாரு. 1964ல எழுதின சுயசரிதையில சொல்றாரு, ஹிட்லரோட அந்த முகாம்கள்ல நெசமா நடந்த கொடூரம் அப்பவே தெரிஞ்சிருந்தா இந்தப் படத்த எடுத்திருக்கவே முடியாதுன்னு. ஆனா அவரு எடுத்த நேரத்த பாருங்க. 1937லயே அலெக்ஸாண்டர் கோர்டான்னு ஒரு டைரக்டர் அவருகிட்ட சொன்னாராம், உனக்கும் ஹிட்லருக்கும் ஒரே மீசை, ஆள் மாறாட்டம் வச்சு ஒரு கதை பண்ணேன்னு. மீசை மட்டுமா, ரெண்டு பேரும் பொறந்ததே 1889 ஏப்ரல், சாப்ளின் 16ஆம் தேதி, அவன் 20ஆம் தேதி, நாலு நாள்தான் வித்தியாசம். ஷூட்டிங் ஆரம்பிச்சது 1939 செப்டம்பர், அந்த மாசம் 1ஆம் தேதிதான் ஜெர்மன்காரன் போலந்துக்குள்ள பூந்தான். அமெரிக்கா இன்னும் சண்டைக்கே வரல, ஹாலிவுட்ல ஹிட்லர் பேர எடுக்கவே யோசிச்சாங்க, வெள்ளக்காரன் கவர்ன்மெண்டு கூட ஹிட்லரோட சமாதானமா போயிடணும்னு இருந்த காலத்துல இந்தப் படம் வந்தா தடை பண்ணிடுவோம்னு சொல்லிருந்தான். அப்பதான் இந்த மனுஷன் சொந்தக் காசப் போட்டு, சொந்த ஸ்டுடியோல, கதை டைரக்ஷன் நடிப்பு எல்லாம் தானே பண்ணி எடுத்தாரு. அதுவும் எப்பேர்ப்பட்ட ரிஸ்க்குன்னா, ஊரே பேசும்படம் எடுத்துட்டு இருந்தப்ப பேசாமயே ஓட்டிட்டு இருந்தவரு, முழுசா வசனம் பேசின மொத படமே இதுதான். நியூயார்க்ல 1940 அக்டோபர் 15 ரிலீஸ். லண்டன்ல அந்த டிசம்பர்ல ஓடுச்சு, தலைக்கு மேல குண்டு விழுந்துட்டு இருந்தப்ப ஜனங்க தியேட்டருக்குப் போய் பாத்தாங்க.

பசங்ககிட்ட இத நம்ம ஊரு தேதியோட வச்சுச் சொல்லுங்க. பினாங்கு மேல ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 11. அந்தப் படம் வந்து 14 மாசத்துல.

சிரிக்கலாமாங்கறதுக்கு என்னோட பதில், படம் யாரப் பாத்துச் சிரிக்குதுன்னு கவனிங்க. படத்துல சாப்ளினுக்கு ரெண்டு வேஷம், ஒரே முகம், ஒன்னு சர்வாதிகாரி ஹின்கல், அதான் ஹிட்லர், இன்னொன்னு ஒரு யூத பார்பர். தொமேனியா நாட்டோட சர்வாதிகாரி ஹின்கல் மேடையில கத்தறான், அவன் கத்தற வேகத்துக்கு மைக்கே பயந்து பின்னாடி வளைஞ்சுக்குது. பக்கத்து நாட்டு சர்வாதிகாரி நாப்பலோனி வர்றான், அது முசோலினி, சலூன் நாற்காலியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து யாரு உசரம்னு ரெண்டு பேரும் நாற்காலிய ஏத்திக்கிட்டே போறாங்க. பூகோள உருண்டைய பலூன் மாதிரி தூக்கிப் போட்டு ஆடறான், கடைசில அது கையிலயே வெடிக்குது. உங்க பையன் போன்ல பாத்த அந்த மைதானத்து ஆளு இவன்தான், ஆனா இங்க மாஸ் மியூசிக் இல்ல. அதே சமயம் யூதர் தெருவுல கடைய கொளுத்தும்போது படம் சிரிப்ப நிறுத்திடும். கூரை மேல நின்னு தன் கடை எரியறத அந்த பார்பர் பாத்துட்டு நிப்பாரு, நமக்கு அவர் முதுகுதான் தெரியும், முகத்த காட்ட மாட்டாரு. சிரிப்பு நடிகன் முகத்த மறைச்சுக்கற எடம் அது, அத பாத்துட்டு அந்த அப்பாவே வந்து உங்ககிட்ட பேசுவாரு பாருங்க.

செராஸ்_தம்பி:

அக்கா படம் ஓகே, ஆனா கடைசி பேச்ச மட்டும் கட் பண்ணிடுங்க. நான் காலேஜ்ல பாத்தேன், அது வரைக்கும் சூப்பரா போகும், கடைசில பார்பர ஹின்கல்னு நினைச்சு மேடையேத்திடுவாங்க, அவரு திடீர்னு மைக் முன்னாடி நின்னு நிறுத்தாம அட்வைஸ், சிரிப்புப் படம் பாத்துட்டு இருந்தவனுக்கு சபா மேடையில உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. ரிலீஸான டைம்லயே நிறைய கிரிட்டிக்ஸ் அந்த எடத்த ஒத்துக்கல. மொதல்ல வேற முடிவுதான் பிளான் பண்ணாரு, சோல்ஜர்ஸ் எல்லாம் துப்பாக்கிய போட்டுட்டு டான்ஸ் ஆடற மாதிரி, அவங்க அண்ணன் சிட்னி கலர்ல எடுத்த பிலிம்ல கூட அது இருக்கு. அது இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. ஃபார்ம் த்ரீ பசங்க போன எடுத்துடுவாங்கக்கா.

பினாங்கு_கத்திரி:

வணக்கம் டீச்சர். நான் பினாங்குல முடிவெட்டற கடை வச்சிருக்கேன், எங்க தாத்தா காலத்துல இருந்து இதே தொழில்தான். சினிமா ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா இந்தப் படத்த நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல, ஏன்னா அதுல ஹீரோ எங்க ஆளு, பார்பர்.

ரேடியோல பிராம்ஸோட ஹங்கேரிய நடனம் 5ஆம் நம்பர் ஓடும், அந்தப் பாட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு ஆளுக்குச் சவரம் பண்ணுவாரு, கத்திய வார்ல தீட்டறது, நுரை போடறது, இழுக்கறது எல்லாம் தாளத்துல, நடுவுல கேமரா வெட்டவே வெட்டாது. பாக்கறவங்க சிரிப்பாங்க. நான் அவரு கைய பாப்பேன். கத்திய புடிக்கற புடி, மணிக்கட்டு திரும்பற திருப்பு, தொழில் தெரியாதவன் அப்படிப் பண்ண முடியாது, யாராவது நல்ல கைக்காரன்கிட்ட நின்னு பாத்துக் கத்துக்கிட்டிருக்கணும்னுதான் எனக்குத் தோணுது. எங்க கடையிலயும் மின்னல் எஃப்எம் ஓடிட்டுதான் இருக்கும், வேகமான பாட்டு வந்தா கத்திரி தானா வேகமாகும், மெல்ல பாட்டு வந்தா மெல்ல ஆகும், அது கைக்குத் தெரியும் நமக்குத் தெரியாது. முடிச்சுட்டு 15 காசுன்னு கைய நீட்டுவாரு பாருங்க, அந்த நீட்டற விதத்துல எங்க தாத்தாவையே பாத்தேன்.

இன்னொன்னு சொல்றேன், இத பசங்ககிட்ட சொல்லுங்க. அந்த பார்பருக்குப் படம் முழுக்க பேரு கிடையாது. அந்த சர்வாதிகாரிக்கு நீட்டி முழக்கற பேரு, பட்டம், மெடலு, சல்யூட்டு, அவனோட மந்திரிங்களுக்கெல்லாம் பேரு. தெருவுல துணி துவைக்கற பொண்ணுக்குக் கூட ஹன்னான்னு பேரு இருக்கு. இவர் மட்டும் யூத பார்பர், அவ்வளவுதான். எங்க தாத்தாவையும் தோட்டத்துல பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, தொழில் பேர வச்சுதான் கூப்பிடுவாங்க, சில வீட்டுல வாசல்லயே நிக்க வச்சு வேலைய முடிச்சு அனுப்பிடுவாங்க, நம்ம ஆளுங்கதான் டீச்சர், வெள்ளக்காரன் இல்ல. அப்படி வாசல்ல நின்ன ஒரு மனுஷன் கடைசில அந்த மைக்குக்கு முன்னாடி நிக்கறாரு. அதனால செராஸ் தம்பி சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. படம் பூரா பேச விடாத ஒரு ஆளுக்குக் கடைசில பேச்சு வருது, நீங்க அத கட் பண்ணிட்டா அவருகிட்ட மிச்சம் என்ன இருக்கு? அவர் ஆரம்பிக்கறதே "மன்னிக்கணும், எனக்குச் சக்கரவர்த்தி ஆக ஆசையில்ல"ன்னுதான்.

ஆயர்_ஈத்தாம்_பாட்டி:

கத்திரி தம்பி எழுதுனத படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சுப்பா. எனக்கு 74 வயசு, பேரன்தான் போன்ல தமிழ் டைப் பண்ணக் கத்துக் குடுத்தான், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

டீச்சரம்மா, அந்தப் பையன மட்டும் குத்தம் சொல்லாத. எங்க வீட்டு நடு ஹால்ல நேதாஜி படம் மாட்டிருக்கும். எங்கப்பா நேதாஜி சிங்கப்பூர் வந்தப்ப, 1943ல, ஐஎன்ஏல, அதான் அவரோட இந்திய தேசிய ராணுவத்துல, சேந்தவரு. சாகற வரைக்கும் அந்தப் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைப்பாரு. நேதாஜி 1942ல ஜெர்மனியில ஹிட்லர போய் பாத்தாரு, அதனால எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஹிட்லர் வெள்ளக்காரன அடிச்சவன், நமக்கு வேண்டப்பட்டவன்னு ஒரு நெனப்பு. நானே சின்ன வயசுல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஸ்கூல்ல படிச்சுக் கொடுத்த ஒரு மிஸ்தான் சொன்னாங்க, அவன் எழுதின புத்தகத்துலயே எழுதி வச்சிருக்கான்மா, இந்தியா வேற யாரு கையிலயும் இருக்கறத விட இங்கிலீஷ்காரன் கையிலயே இருக்கட்டும்னு. அத கேட்டுட்டு வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நேதாஜி உதவி கேட்டுப் போனாரு, அவன நம்பிப் போகல"ன்னு மட்டும் சொன்னாரு. அது சரியா தப்பான்னு நான் இன்னிக்கும் யோசிக்கறேன்.

எங்கப்பாவோட அண்ணன், என் பெரியப்பா, அவரு ஐஎன்ஏ இல்ல. அவர ஜப்பான்காரன் தோட்டத்துல இருந்து லாரியில ஏத்தி சயாமுக்கு, இப்ப தாய்லாந்துங்கறாங்களே அங்க, கொண்டு போனான், வேலை இருக்கு அரிசி குடுப்போம்னு சொல்லி. சயாம்ல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சான். பெரியப்பா திரும்பி வரல. எங்க பாட்டி சாகற வரைக்கும் அவருக்குத் திதி குடுக்க விடல, செத்த நாளும் தெரியாது, செத்தாரான்னும் யாரும் வந்து சொல்லலன்னு. ஜப்பான்காரன் யாரு, ஹிட்லரோட கூட்டாளி, 1940 செப்டம்பர்லதான் ஜெர்மனி இத்தாலி ஜப்பான் மூணும் கையெழுத்துப் போட்டுச்சு. பழைய டாக்கீஸ் தம்பி சொன்ன தேதிய பாத்தா அந்தப் படம் வந்ததுக்கு மூணு வாரம் கூட முன்னாடி இல்ல. ஹிட்லர் எங்கயோ ஐரோப்பாவுல இருந்த ஆளு, நமக்கென்னன்னு அந்தப் பையன் நெனச்சா இத சொல்லும்மா. அவன் வீட்டுலயும் யாராவது சயாமுக்குப் போயிருப்பாங்க, போய் கேக்கச் சொல்லு.

செந்தூல்_டீச்சர்:

பாட்டி, கத்திரி அண்ணே, என்ன சொல்றதுன்னே தெரியல. பாட்டி சொன்ன மாதிரி வீட்டுல போய் கேட்டுட்டு வாங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். படம் போடப் போறேன், ரெண்டு சனிக்கிழமையா பிரிச்சு, பேச்சையும் கட் பண்ணல (தம்பி மன்னிச்சுக்க). ஒரே கவலை மொழிதான். நடுவுல நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொன்னா சிரிப்புப் போயிடுமா?

பழைய_டாக்கீஸ்:

ஹின்கல் மேடைப் பேச்சுக்கு நீங்க ஒன்னுமே சொல்ல வேணாம். அது ஜெர்மனே இல்ல, ஜெர்மன் மாதிரி சத்தம், நடுவுல சாப்பாட்டுப் பேரெல்லாம் வரும். இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கும் புரியாது, தெரியாதவனுக்கும் புரியாது, ஆனா எல்லாருக்கும் விளங்கும். ஒரே ஒரு எடத்துல மட்டும் நிறுத்துங்க. அவன் யூதர்களப் பத்திக் கத்துவான், பல்லக் கடிச்சு, கைய முறுக்கி, கேக்கவே பயமா இருக்கும், அவ்வளவு நேரம் கத்தினதுக்கு ரேடியோல மொழிபெயர்க்கறவர் அமைதியா ஒரே வரி சொல்லுவாரு, "மேன்மை தங்கியவர் இப்போது யூத மக்களைப் பற்றிக் குறிப்பிட்டார்"னு. அந்த வரிய மட்டும் நல்ல செய்தி வாசிப்புத் தமிழ்ல நீங்க சொல்லுங்க. கேட்டது என்ன, சொன்னது என்னன்னு பசங்க தானா புடிச்சுக்குவாங்க. ஒரு வெறிய எப்படி மரியாதையான வார்த்தையில சுத்தி நியூஸா ஆக்கறாங்கன்னு இத விட நல்லா காட்டினத நான் எங்கயும் பாத்ததில்ல.

ஆள் மாறாட்டக் கதைக்கு நம்ம பசங்களுக்கு விளக்கமே தேவையில்ல, ராஜாவும் நாடோடியும் ஒரே முகம்னு எம்ஜிஆர் ஆடின ஆட்டம் நம்ம ரத்தத்துலயே இருக்கு.

செந்தூல்_டீச்சர்:

ரெண்டு சனிக்கிழமையும் முடிஞ்சுது, என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். மொத வாரம் 12 பேரு, ரெண்டாவது வாரம் 17 பேரு, தங்கச்சி தம்பிங்களையும் இழுத்துட்டு வந்துட்டாங்க, போன் பண்ணாரே அந்த அப்பாவும் பின்னாடி வந்து நின்னாரு. ஆரம்பத்துல ஒரு பத்து நிமிஷம் ஒன்னும் ஓடல, கருப்பு வெள்ளைன்னு முணுமுணுப்பு. அந்த வெடிக்காத குண்டு பார்பர் போற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி வரும் பாருங்க, அங்க ஒரு சின்னப் பொண்ணு சத்தமா சிரிச்சா, அப்புறம் எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க. ஹன்னா ஜன்னல்ல இருந்து வாணலியால அடிக்கற எடத்துல பெஞ்சே ஆடுச்சு. மொழிபெயர்ப்பு வரிய டாக்கீஸ் அண்ணே சொன்ன மாதிரியே செய்தி வாசிக்கற குரல்ல சொன்னேன். மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் டக்குனு ஒரு அமைதி.

கடைசி பேச்சுல ரெண்டு பேரு போன எடுத்தாங்க, உண்மைய சொல்லிடறேன். மத்தவங்க பாத்தாங்க.

முடிஞ்சு நாற்காலி அடுக்கும்போது அந்தப் பையன் எங்கிட்ட வந்தான். "டீச்சர், மொதல்ல ஹின்கல் பேசினப்ப அந்தக் கூட்டம் கத்துச்சு. அவன் கைய அசைச்சதும் சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நிறுத்துச்சு. கடைசில பார்பர் நேர் எதிரா பேசறாரு, அதுக்கும் கூட்டம் அதே மாதிரிதான் கத்துது. அப்ப அவங்க எதுக்குத்தான் கத்தறாங்க?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னே சொன்னேன். அடுத்த வாரம் அதப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வான்னு சொல்லிருக்கேன், எழுதறேன்னு சொன்னான். அவங்க வீட்டுல கேட்டானாம், அம்மாவோட தாத்தா சயாமுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவராம், கால்ல புண்ணோட வந்தாராம், இது வரைக்கும் யாரும் அவன்கிட்ட சொன்னதே இல்லையாம்.

கத்திரி அண்ணே, சவரம் பண்ற சீன மட்டும் மூணு தடவ போடச் சொன்னாங்க. ஒரு சனிக்கிழமை கே.எல். வந்து கத்தி புடிக்கறது எப்படின்னு காட்டுவீங்களா?

பினாங்கு_கத்திரி:

சனிக்கிழமை கடைய விட்டு வர முடியாதுமா, அன்னிக்குதான் கூட்டமே. திங்கக்கிழமைதான் எனக்கு லீவு. ஸ்கூல் லீவுல ஒரு திங்கக்கிழமையா பாத்து நீங்க வாங்க. கே.எல். சென்ட்ரல்ல ஏறினா பட்டர்வொர்த் வரைக்கும் ரயில், எறங்கி ஃபெரி புடிச்சா இந்தப் பக்கம் வந்துடலாம், நான் வந்து கூட்டிட்டுப் போறேன். தாத்தாவோட கத்தி இன்னும் என்கிட்ட இருக்கு, தோல் வாரும் இருக்கு. தொழிலுக்கு இப்ப பிளேடு மாத்தற கத்திதான், ஆனா அந்தப் பழைய கத்திய வாரம் ஒரு தடவ தீட்டி எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். முடி வெட்டணும்னா பசங்களுக்கு அன்னிக்கு காசு வாங்க மாட்டேன். அந்தக் கேள்வி கேட்ட பையன மறக்காம கூட்டிட்டு வாங்க.

ஆயர்_ஈத்தாம்_பாட்டி:

தேதிய சொல்லிடும்மா, 17 பேருக்கும் சாப்பாடு எங்க வீட்டுல.